ஆறு ஓட்டல் வேண்டாம், இரண்டு போதும்: சுவிஸ் பயணம் பற்றிக் கேட்ட வாசகிக்கு

கேள்வி: மே கடைசி வாரத்தில் குடும்பத்தோடு எட்டு இரவு சுவிட்சர்லாந்து போக இருக்கிறோம். நான், கணவர், 9 வயது மகன், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் மாமனார் (68), முழங்கால் வலியுள்ள மாமியார் (64). லூசெர்ன் 2 இரவு, இன்டர்லாக்கன் 2, ஜெர்மாட், மோன்ட்ரோ, செயின்ட் மோரிட்ஸ், லுகானோ தலா 1 என்று போட்டிருக்கிறோம். சிறிய நாடுதானே, முடியும் என்கிறார் கணவர். முட்டைகூடச் சேர்க்காத சைவம் நாங்கள். தமிழும் ஆங்கிலமும்தான் தெரியும். அங்கே நான்கு மொழியாமே, சமாளிக்க முடியுமா? டிராவல் பாஸ் வாங்குவது லாபமா? மாமனாரை யுங்ஃப்ராவ் உச்சிக்குக் கூட்டிப் போகலாமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நாடு சிறியதுதான். 41,285 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக மலையைச் சுற்ற வேண்டும், ஏற வேண்டும், அல்லது குடைய வேண்டும். ஜெர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் போகும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் 8 மணி நேரம் எடுப்பது அதனால்தான். உங்கள் திட்டத்தில் ஆறு ஓட்டல், அதாவது ஐந்து முறை பெட்டி கட்டி அவிழ்ப்பது. காலை 11 மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். ஒவ்வொரு மாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும். எட்டு நாளில் இரண்டரை நாள் பெட்டிக்கே போய்விடும். முழங்கால் வலியோடு உங்கள் மாமியார் ஐந்து முறை பெட்டியும் கையுமாக ரயில் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

லூசெர்னில் 4 இரவு, இன்டர்லாக்கன் பக்கம் 4 இரவு, அதோடு நிறுத்துங்கள். ஜெர்மாட்டையும் செயின்ட் மோரிட்ஸையும் இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். மோன்ட்ரோவும் லுகானோவும் ஒரு நாளில் போய்த் திரும்பும் ஊர்களாக உள்ளே வரும்.

இப்படிச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் முக்கியம். சுவிஸில் மலைக்குப் போகும் நாளை நீங்கள் முடிவு செய்யக் கூடாது, வானம் முடிவு செய்ய வேண்டும். "செவ்வாய் யுங்ஃப்ராவ், புதன் டிட்லிஸ்" என்று ஊரிலேயே தேதி போட்டு டிக்கெட்டும் வாங்கிவிட்டுப் போகிறவர்கள், பெரும் செலவில் மேலே ஏறி வெள்ளை மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். ஒரே ஊரில் நான்கு இரவு தங்கினால் நான்கு காலை உங்கள் கையில் இருக்கும். அதில் வானம் திறக்கும் காலையை மலைக்குக் கொடுக்கலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? முந்தின இரவு அந்நாட்டு வானிலைத் துறையின் மீட்டியோசுவிஸ் செயலியைப் பாருங்கள். காலை 7 மணிக்கு அந்தந்த மலை ரயில் நிறுவனத்தின் இணையதளத்தில் உச்சியின் நேரலை கேமரா ஓடும், அதைப் பாருங்கள். உச்சி தெளிவாக இருந்தால் காலை உணவைக் கட்டி எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். கோடைக்காலத்தில் பகல் ஏற ஏற மேகம் கட்டும், 11 மணிக்குத் தெளிவாக இருந்த சிகரம் 2 மணிக்கு மறைந்துவிடும். சில நாள் ஊரில் மூடுபனி இருக்கும், ஆனால் கேமராவில் உச்சியில் வெயில் அடிக்கும். அன்று தயங்காமல் ஏறுங்கள், கீழே மேகம் கடல்போல் விரிந்து கிடக்கும். தெற்கிலிருந்து ஃபோன் என்ற வெதுவெதுப்பான காற்று வீசும் நாட்களில் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் காற்று பலமாக இருந்தால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள். அந்த நாளுக்குப் பல்சக்கர ரயில் போகும் ரீகி போன்ற மலையே நம்பகமானது.

லூசெர்னில் மழை கொட்டினால் அறையில் உட்காராதீர்கள். ஆல்ப்ஸ் மலை நம் மேற்குத் தொடர்ச்சி மலைபோல மழையை ஒரு பக்கம் நிறுத்திவிடும். வடக்கே மழை என்றால் பல நாட்களில் தெற்கே வெயிலாக இருக்கும். லுகானோவை இப்படிப்பட்ட நாளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். லூசெர்னிலிருந்து நேர் ரயிலில் 2 மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2016இல் திறந்த 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்துக்குள் ஜெர்மன் பேசும் எர்ஸ்ட்ஃபெல்ட் பக்கம் நுழைந்து, சுமார் 20 நிமிடம் கழித்து இத்தாலிய மொழி பேசும் போடியோவில் வெளியே வருவீர்கள். அறிவிப்பு முதல் வீட்டுக்கூரை வரை எல்லாம் மாறியிருக்கும்.

மொழி பற்றி உங்களுக்கிருக்கும் பயத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தேசிய மொழிகள் நான்கு: ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ். ஒவ்வொருவருக்கும் நான்கும் தெரியும் என்று எண்ண வேண்டாம். பகுதிக்கு ஒரு மொழி, அவ்வளவுதான். ரோமான்ஷ் கிழக்கே கிராவ்புண்டன் மாநிலத்தில் மட்டும் பேசப்படுகிறது, உங்கள் வழியில் வராது. சுற்றுலா ஊர்களில் ஆங்கிலம் போதும். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் நேராக ஆங்கிலத்தில் கேள்வியைத் தொடங்காதீர்கள், அங்கே அது மரியாதைக் குறைவு. முதலில் அந்த ஊர் வணக்கம், பிறகு ஆங்கிலம். லூசெர்ன், சூரிச்சில் "க்ரூயெட்சி", பெர்னிலும் இன்டர்லாக்கனிலும் "க்ரூயெசெக்", மோன்ட்ரோவில் "போன்ஜூர்", லுகானோவில் "புவோன்ஜோர்னோ". நன்றிக்கு ஜெர்மன் பகுதியிலும் "மெர்சி" என்றே சொல்வார்கள். இந்த ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் முகமலர்ச்சி உங்கள் பயணம் முழுக்க உதவும்.

உண்மையான குழப்பம் ஊர்ப்பெயரில்தான் வரும். ஜெனீவா ஜெர்மனில் கென்ஃப், பிரெஞ்சில் ஷெனேவ், இத்தாலியனில் ஜினெவ்ரா. ஜெர்மன்காரர்கள் விஸ்ப் என்னும் ஊரை பிரெஞ்சில் வியேஜ் என்கிறார்கள். நிலையப் பலகையில் பெரும்பாலும் அந்த ஊர் மொழிப் பெயர்தான் இருக்கும். ரயில் செயலியில் தேடும்போது எந்தப் பெயர் வருகிறதோ அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நடைமேடை ஜெர்மனில் க்ளைஸ், பிரெஞ்சில் வுவா, இத்தாலியனில் பினாரியோ. நேரம் எழுத்தில் 24 மணிக் கணக்கில் இருக்கும், சிக்கலில்லை. ஆனால் ஜெர்மன் பகுதியில் வாயால் "ஹால்ப் ஆக்ட்", அதாவது "அரை எட்டு" என்று சொன்னால் அது ஏழரை, எட்டரை இல்லை. ஆங்கிலத்தில் பேசும்போதும் சிலர் இந்தப் பழக்கத்திலேயே சொல்வார்கள். எண்ணில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

மொழி மாறுவதைக் கண்ணால் பார்க்க மகனை கோல்டன்பாஸ் எக்ஸ்பிரஸில் கூட்டிப் போங்கள். இன்டர்லாக்கனிலிருந்து மோன்ட்ரோவுக்கு 3 மணி நேரத்துக்குச் சற்று மேல். 2022 டிசம்பரிலிருந்து வண்டி மாறாமல் போகலாம். ட்ஸ்வைசிம்மன் நிலையத்தில் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டரிலிருந்து 1,000 ஆகக் குறைகிறது. பெட்டிக்கடியில் சக்கரங்கள் மெல்ல நகர்ந்து அந்த அகலத்துக்குப் பொருந்திக்கொள்ளும், நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கலாம். அதைத் தாண்டி ஸானென் வரை ஜெர்மன், சற்றுத் தள்ளி ரூஷ்மோன் வந்ததும் பிரெஞ்சு. நடுவே எல்லைச்சாவடி எதுவும் கிடையாது, அதே மரவீடுகள், அதே மாடுகள். கடைப்பலகை மட்டும் வேறு மொழியில் இருக்கும்.

அடுத்தது யுங்ஃப்ராவ்யோக், நீங்கள் 'உச்சி' என்று சொல்லும், ரயில் போய் நிற்கும் மலைக்கணவாய். உயரம் 3,454 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். கிரிண்டெல்வால்டிலிருந்து ரோப்காரில் 15 நிமிடத்தில் ஐகர்கிளெட்ஷர் நிலையத்துக்கு, அதாவது 2,320 மீட்டருக்கு ஏற்றிவிடுவார்கள், பிறகு சுரங்க ரயில். உடம்பு பழகிக்கொள்ள நேரமே இருக்காது. மாமனாருடைய மருத்துவரிடம் 3,454 மீட்டர் என்று உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். "மலைக்குப் போகிறோம்" என்று மட்டும் சொன்னால் அவர் ஊட்டியை நினைத்துக்கொள்வார், ஊட்டி 2,240 மீட்டர்தான். அவர் சரி என்றாலும், ஐகர்கிளெட்ஷரில் அரை மணி உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள். மேலே வேகமாக நடக்கவோ படியேறவோ வேண்டாம், லிஃப்ட் இருக்கிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் சமாளித்துப் பார்க்காமல் அடுத்த ரயிலில் இறக்கிவிடுங்கள். அதற்கு மருந்து இறங்குவதுதான்.

மருத்துவர் வேண்டாம் என்றால் மனம் தளராதீர்கள். லௌட்டர்புருன்னனிலிருந்து ரோப்கார், பிறகு சின்ன ரயில் என்று மியூரன் கிராமத்துக்குப் போகலாம். 1,638 மீட்டர், கார்கள் இல்லாத ஊர். ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் வரிசையாக எதிரே நிற்கும். தெரு ஓரளவு சமதளமாக இருப்பதால் மாமியாரும் நடக்கலாம். டிராவல் பாஸ் இருந்தால் தனிக் கட்டணமும் இல்லை. என்னைக் கேட்டால், பெரியவர்களோடு போகிறவர்களுக்கு மியூரன்தான் முதலில், யுங்ஃப்ராவ்யோக் பிறகு.

இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பொறி உண்டு. இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் ஒரே ரயில்தான் நிற்கும். ட்ஸ்வைலூட்ஷினன் என்ற நிலையத்தில் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லௌட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டெல்வால்டுக்கும் போகும். நடைமேடையில் ஏ, பி, சி, டி என்று எழுத்துப் பலகை தொங்கும், எந்த ஊர்ப் பெட்டி எந்த எழுத்தில் நிற்கும் என்று மேலே திரையில் காட்டுவார்கள். பெட்டியின் பக்கவாட்டிலும் ஊர்ப்பெயர் ஓடும். கூட்டத்தில் ஐந்து பேரும் ஆளுக்கொரு கதவில் ஏறினால் குடும்பமே இரண்டாகப் பிரிந்துவிடும். தவறி ஏறிவிட்டால் ட்ஸ்வைலூட்ஷினனில் இறங்கி மறு பாதிக்கு மாறிக்கொள்ளலாம்.

பாஸ் கணக்கு. சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கிறது. ரயில், மஞ்சள் நிறப் போஸ்ட் பஸ், ஏரிப் படகு, நகரப் பேருந்து, 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் அதில் அடக்கம். ரீகி, ஸ்டான்செர்ஹோர்ன், ஸ்டோஸ் மலைகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை, டிட்லிஸ் ரோப்காரில் பாதி விலை. யுங்ஃப்ராவ்யோக்குக்கு மட்டும் கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரை பாஸ் செல்லும், அதற்கு மேல் 25 சதவீதம்தான் தள்ளுபடி. இன்னொன்று, ஒரு மாதம் செல்லும் ஹாஃப் ஃபேர் கார்டு. அதில் எல்லாமே ஏறக்குறைய பாதி விலை, யுங்ஃப்ராவ்யோக்கும் பாதி. ஓரிடத்தில் தங்கி உயரமான மலைகளுக்கே போகிறவர்களுக்கு அது லாபம். லுகானோ, மோன்ட்ரோ, படகு, ரீகி என்று நாள்தோறும் ஓடப்போகிற உங்களுக்கு 8 நாள் பாஸ்தான் பொருந்தும். எட்டு இரவு என்றால் தேதிக் கணக்கில் ஒன்பது நாள். விமானத்தில் இறங்கும் நாளில் பாஸைத் தொடங்காமல் லூசெர்னுக்குத் தனி டிக்கெட் எடுத்துக்கொண்டு, மறுநாள் முதல் தொடங்குங்கள்.

மகனுக்குக் காசு கட்டாதீர்கள். பாஸ் வாங்கும்போதே ஃபேமிலி கார்டு கேளுங்கள், இலவசம். 6 முதல் 15 வயதுப் பிள்ளைகள் பெற்றோரில் ஒருவரோடு கட்டணமின்றிப் போகலாம். பெற்றோரோடு என்பதைக் கவனியுங்கள். நீங்கள் இருவரும் மேலே போய்விட்டு, தாத்தா பாட்டியோடு பையனை ரயிலில் அனுப்பினால் அந்த அட்டை செல்லாது, அவனுக்குத் தனி டிக்கெட் வேண்டும். நிலையங்களில் தடுப்புக் கதவு எதுவும் இருக்காது. பரிசோதகர் ரயிலுக்குள் வந்து பாஸோடு பாஸ்போர்ட்டையும் கேட்பார்.

லூசெர்னிலிருந்து ரீகிக்குப் படகில் விட்ஸ்நாவ் வரை போங்கள், ஒரு மணி நேரம். அங்கிருந்து பல்சக்கர ரயில் அரை மணியில் ஏற்றிவிடும். ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அது, 1871இலிருந்து ஓடுகிறது. இறங்கும்போது மறுபக்கம் ஆர்த்-கோல்டாவ் வழியாக வந்தால் இரண்டு சரிவையும் பார்த்துவிடலாம். லூசெர்னிலிருந்து இன்டர்லாக்கனுக்கு மாறும் நாளில் ரயிலில் வலப்பக்க இருக்கையில் உட்காருங்கள். மைரிங்கன் நிலையத்தில் வண்டி திசை திரும்பும், அப்படியும் ஏரிகள் உங்கள் பக்கமே வரும். ஷினிகெ பிளாட்டெ மலை ரயில் ஜூன் நடுவில்தான் தொடங்கும், அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். "வெஜிடேரியன்" என்று சொன்னால் அங்கே முட்டை வரும், மீன் சேராது என்றும் எல்லோரும் நினைப்பதில்லை. இறைச்சி, மீன், முட்டை மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஜெர்மனில் "ஓனெ ஃப்ளைஷ், ஓனெ ஃபிஷ், ஓனெ ஐ", இத்தாலியனில் "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா". பிரெஞ்சு உச்சரிப்பு நமக்குச் சட்டென்று வராது, போனில் எழுதிக் காட்டுவதே நல்லது. கண்ணுக்குத் தெரியாமல் வருபவைதான் தொல்லை. காய்கறி சூப்பின் அடியில் இறைச்சி வேகவைத்த சாறு இருக்கலாம். உருளைக்கிழங்கு ரோஸ்டியில் ஸ்பெக் என்ற பன்றி இறைச்சித் துண்டு போடுவதுண்டு. ஸ்பெட்ஸ்லி என்ற குட்டி நூடுல்ஸின் மாவில் முட்டை உண்டு. பாலாடைக்கட்டி ஃபாண்டூவில் வெள்ளை ஒயினும், பெரும்பாலும் கிர்ஷ் என்ற சாராயமும் சேரும். கிரூயேர் பாலாடைக்கட்டியையே கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். எந்த அளவுக்குப் பார்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆகவே இரண்டு ஊரிலும் சமையலறையோடு கூடிய வீடாக எடுப்பதே உங்களுக்கு நிம்மதி. அரிசி, பருப்பு, மசாலாப் பொடி, புளிக்காய்ச்சல், நல்லெண்ணெய் கொண்டு போகலாம். நெய், பால் இனிப்பு, தயிர்மிளகாய் வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து பால், இறைச்சிப் பொருட்களை எடுத்துச் செல்லத் தடை உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, காய்கறியும் கூடாது. அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினியக் குக்கர் வேலை செய்யாது, அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை அலாரம் அலறும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதை அங்கே கண்டிப்பாகப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிவிடும், பெரிய ரயில் நிலையங்களிலும் விமான நிலையத்திலும் உள்ளவை மட்டும் திறந்திருக்கும். மே மாதம் ஈஸ்டர் கணக்கில் வரும் விடுமுறைகளும் உண்டு. நீங்கள் இறங்குவது அப்படிப்பட்ட நாளென்றால் பாலும் தயிரும் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டு ரயிலேறுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரும் தெருமுனை நீரூற்றும் குடிக்கலாம். "கைன் ட்ரிங்க்வாசர்" என்றோ, பிரெஞ்சில் "நோன் பொட்டாப்ள்" என்றோ எழுதியிருந்தால் மட்டும் விடுங்கள்.

சின்னதாக மூன்று. சுவிஸ் மின் பிளக் மூன்று முள், சுவரில் அறுகோணக் குழிக்குள் இருக்கும். நம் ஊர் மூன்று முள் பிளக் நுழையாது, பருமனான யுனிவர்சல் அடாப்டரும் குழிக்குள் இறங்காது, சுவிஸுக்கென்று மெலிதானதாக வாங்குங்கள். அடுத்தது, சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. "ஐரோப்பா சிம்" என்று விற்பதில் நாட்டுப் பட்டியலில் சுவிட்சர்லாந்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைசியாக, கார்டு தேய்க்கும்போது ரூபாயா ஃபிராங்கா என்று இயந்திரம் கேட்டால் ஃபிராங்க் என்றே அழுத்துங்கள், ரூபாய்க்குப் போட்டால் மாற்று விகிதத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

விசா ஷெங்கன் விசாதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதக் கூட்டத்துக்கு முன் ஜனவரியிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பெரியவர்களுக்கு ஏற்கெனவே உள்ள நோயையும், மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவையும் அது ஏற்கிறதா என்று படித்துப் பாருங்கள். மாத்திரை ஒரு மாத அளவு, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில். ஆம்புலன்ஸ் 144, மலை மீட்பு ஹெலிகாப்டர் 1414.

கடைசி நாள் விமானம் இரவில் என்றால் நேராக சூரிச்சுக்கு ஓடாதீர்கள். வழியில் பெர்னில் இறங்கி, பெட்டிகளை நிலைய லாக்கரில் வைத்துவிட்டு, ஐரோப்பாத்திடலில் உள்ள சமயங்களின் இல்லத்துக்குப் போங்கள். 2014 டிசம்பரில் திறந்த கட்டடம். மசூதி, தேவாலயம், புத்த மையம் இருக்கும் அதே கூரையின் கீழ் ஈழத்தமிழர்கள் கட்டிய ஞானலிங்கேச்சுரர் திருக்கோவில் இருக்கிறது. வழிபாடு தமிழிலேயே நடக்கும், பெண்களும் அருட்சுனையராக, அதாவது குருக்களாக, பூசை செய்கிறார்கள். நடை திறக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெர்னிலிருந்து சூரிச் விமான நிலையத்துக்கு அரை மணிக்கு ஒரு நேர் ரயில், பயணம் ஒன்றேகால் மணி நேரம். விமானத்துக்கு நான்கரை மணி முன்பு பெர்னில் ரயிலேறினால் பதற்றமில்லாமல் போய்ச் சேரலாம்.